கோயிலில் படுத்த சனம்

கொண்டல்பிட்டி
13.10.1974

அன்புள்ள தம்பி லோறன்சுக்கு,

அக்கா பிரான்சிஸ்கா எழுதுறது. இஞ்ச நானும் அத்தானும் பிள்ளை திரேசம்மாவும் தேவமாதாவின்ர தயவில ஒரு குறையுமில்லாமல் இருக்கிறம். மலைநாட்டுக் குளிருக்கு உன்ர இழுப்பு எப்பிடி? அனுப்பின கருவாடு கிடைச்சதோ எண்டு ஒரு வரி எழுதேல்லை நீ.

இப்ப உன்னட்ட ஒரு விசயம் கேக்கத்தான் எழுதிறன். நீ சுகாதாரப் பரிசோதகர், சட்டம் படிச்சவன்.

ரண்டு கிழமைக்கு முந்தின ஞாயிறு, பின்னேரச் செபமாலை முடிஞ்சு அத்தான் கோயிலைப் பூட்டப் போனார். அவர் மூப்பர் ஆனதில இருந்து திறப்பு எங்கட வீட்டு ஆணியிலதான் தொங்குது. நல்ல மழை. ரயில் பாதையால ஒரு கூட்டம் நடந்து வருகுது, தலையில சாக்கு. யாத்திரைக்காரர் எண்டு நினைச்சன். கிட்ட வரத்தான் தெரிஞ்சுது, உங்கட பக்கத் தேயிலைத் தோட்டத்துச் சனம். சில பேரட்ட இந்தியாவுக்குப் போற பாஸ்போட் இருக்கு, ஆனால் மாரியோட கப்பல் நிண்டுபோச்சு. மற்றவையட்ட ஒரு துண்டும் இல்லை. தோட்டத்தில சாப்பாடு இல்லையாம், ரயில் எங்க முடியுதோ அங்க மட்டும் வந்திருக்கினம். இறங்குதுறையில நிண்டவையைக் கலைச்சு விட்டிட்டாங்களாம்.

முன்னுக்கு நிண்டவள் பேர் காத்தாயி. இடுப்பில ஒரு பொடியன். "அம்மா, மழை வுடுற வரைக்கும் கோயில் ஓரமா நின்னுக்கலாங்களா?" எண்டு கேட்டாள். அத்தான் என்னைப் பாத்தார். நான் சொன்னன், "ஓரமா ஏன், உள்ளுக்கு வாங்கோ."

மழை விட்டது. சனம் போகேல்லை. எங்க போறது? முப்பது பேருக்குக் கிட்ட வரும். கோயிலுக்குள்ளதான் படுக்கினம். பூசை நேரம் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியில போய் நிக்கினம்.

உன்னோட படிச்ச பெனடிக்ற் இப்ப எங்கட கிராமச் சபைக்குச் சேர்மன். முந்தநாள் றோட்டில என்னை மறிச்சார். "அக்கா, கோயில் எண்டால் செபம் செய்யிற இடம். ஆக்கள் படுத்தால் அது விடுதி. விடுதிக்குச் சபையின்ர அனுமதி வேணும், கக்கூசு வேணும்" எண்டார். "பெருநாளுக்கு ஆயிரம் சனம் வளவுக்குள்ள படுக்கேக்க இந்தச் சட்டம் எங்க போறது?" எண்டு கேட்டன். "அது பெருநாள்" எண்டு சிரிச்சார்.

அப்பிடி ஒரு சட்டம் உண்மையா இருக்கோ? உடனே எழுது. வெறும் நெஞ்சோட பனியில திரியாதை.

அன்புள்ள அக்கா
பிரான்சிஸ்கா

*

அட்டன்
24.10.1974

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. கருவாடு வந்து சேர்ந்தது. பக்கத்து அறைச் சிங்கள மாஸ்டரும் மணம் பிடித்து வந்து பாதியைத் தீர்த்துவிட்டார். இழுப்பு இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போகக்கூடிய அளவில். அத்தானையும் திரேசம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஓம் அக்கா, சட்டம் இருக்கிறது. பெனடிக்ற் பொய் சொல்லவில்லை. ஆட்களைத் தங்கவைக்கும் இடம் எதுவானாலும், கோயிலானாலும், காற்று, தண்ணீர், மலசலகூடம் எல்லாம் பார்த்துச் சபை அனுமதி கொடுக்கவேண்டும். பெருநாளுக்கும் அது பொருந்தும். ஒருவரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இங்கே நடப்பதையும் சொல்கிறேன். போன மாதம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் போனேன். கூரையில் தகரம் பாதி இல்லை. சுவர் கைவைத்தால் உதிர்கிறது. ஒரு அறைக்குள் மூன்று குடும்பம். "மனிதர் வசிக்கத் தகாதது" என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். என் வேலை அது. அடுத்த கிழமையே தோட்டத்து நிர்வாகம் அந்தக் காகிதத்தைக் காட்டி எல்லாரையும் வெளியே போட்டுவிட்டது. வேறு இடம் கொடுக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தேன். அதை ஒருவரும் வாசிக்கவில்லை. அந்தச் சனம் ரயிலடியில் இரண்டு நாள் இருந்ததைக் கண்டேன். பிறகு காணவில்லை.

ஆகவே பெனடிக்றுடன் வாதாடுவதை விட்டுவிட்டு நான் சொல்வதைச் செய்யுங்கள். ஊர் முழுவதற்கும் நல்ல தண்ணீர் அந்தக் கோயில் கிணறு ஒன்றுதான். எங்கள் நிலம் மணல். மேலே எது ஊற்றினாலும் கீழே போய்ச் சேரும். குழிகளைப் பனங்கூடலுக்கு அப்பால், கிணற்றில் இருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் வெட்டச் சொல்லுங்கள். கிணற்றில் ஒரே ஒரு ஆள் மட்டும் அள்ளிக் கொடுக்கட்டும். குடிக்கும் தண்ணீர் கொதிக்கவேண்டும். இது சபைக்காக அல்ல அக்கா, உங்களுக்காக.

என்றும் உங்கள் தம்பி
லோறன்ஸ்

*

கொண்டல்பிட்டி
12.11.1974

அன்புள்ள தம்பிக்கு,

உன்ர கடிதம் வந்த நாள் தொடக்கம் உனக்காக ஒரு மன்றாட்டுக் கூடச் சொல்லுறன். எங்கட உடம்புக்கு ஒண்டும் இல்லை.

நீ சொன்னபடி எல்லாம் செய்தாச்சு. அத்தானும் தோட்டத்து ஆம்பிளையளும் பனங்கூடலுக்கு அங்கால குழி வெட்டினவை. கிணத்தடிக்குக் காத்தாயியைக் காவல் வைச்சன். தன்ர சனத்தில ஒருத்தரையும் வாளியைத் தொட விடமாட்டாள். எங்கட பெண்டுகள்தான் அள்ளி ஊத்திறது. ஊருக்கு அது பெரிய சந்தோசம். நீ சொன்ன காரணம் வேற, ஊர் சந்தோசப்பட்ட காரணம் வேற. விளங்குதுதானே?

அரிசி இல்லை, பேக்கரியில பாணுக்கு வரிசையில நிண்டால் பாதி நாள் வெறுங்கை. ஒடியல் கூழ்தான் ஊத்திறன், மீன் தலை கிடைச்சால் போட்டு. பக்கத்து ஊர் தாராபுரத்து மீராசாஹிபு முதலாளி ஒரு சாக்குக் கோதுமை மா அனுப்பினார். இந்தப் பஞ்சத்தில எங்க எடுத்தாரோ, நான் கேக்கேல்லை. முதல் நாள் குடிச்சதெல்லாம் சத்தி எடுத்த பிள்ளையள் இப்ப மணலில ஓடித் திரியுதுகள். காத்தாயியின்ர பொடியன் சின்னராசுவும் பெனடிக்றின்ர கடைக்குட்டியும் நல்ல சேத்தி. தாயோட தண்ணிக்கு வந்தாளெண்டால் அவனை விட்டுப் போகமாட்டாள். தாய் கூப்பிட்டுக் களைச்சுப்போவாள்.

போன வெள்ளி கோயில் கதவில சபை அறிவித்தல் ஒட்டினது. மாதம் முடிய முதல் ஆக்களை எழுப்பவேணுமாம். ஞாயிறு பூசையில எமிலியானுஸ் சுவாமி அதைக் கிழிச்சு எடுத்துக்கொண்டு வந்து பீடத்தடியில நிண்டு வாசிச்சார். வாசிச்சுப்போட்டுச் சொன்னார், "வீடில்லாதவனை உள்ளுக்கு எடுக்கிறது என்ர பூசையின்ர பாதி. மற்றப் பாதியை மட்டும் செய் எண்டு எனக்குச் சொல்ல ஒரு சபைக்கும் உரிமை இல்லை."

ஆம்பிளையள் பக்கத்தில இருந்து பெனடிக்ற் எழும்பினார். கோயிலுக்குள்ள சுவாமிக்குப் பதில் சொன்ன ஆளை நான் இண்டைக்கு வரைக்கும் காணேல்லை. "சுவாமி, உங்கட பூசையில நாங்கள் கை வைக்கேல்லை. எங்கட கிணத்தில நீங்கள் கை வைக்காதேங்கோ" எண்டார். சொல்லிப்போட்டு வெளிக்கிட்டார். பாதிச் சனம் பின்னால போச்சுது.

அவர் கெட்ட மனுசன் இல்லை, தம்பி. அது உனக்கும் தெரியும். அதுதான் எனக்குக் கஸ்ரம்.

ஞாயிறு பூசைக்குப் போ, நன்மை வாங்காமல் இருக்காதை.

அக்கா

*

அட்டன்
23.11.1974

அன்பின் அக்காவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. அவசரமாக எழுதுகிறேன்.

இங்கே இரண்டு தோட்டங்களில் கொலறா வந்துவிட்டது. பகல் முழுவதும் ஊசியும் குளோரினும்தான். நேற்று ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே குழியில் வைத்தார்கள். பட்டினி கிடந்த உடம்பு ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை.

அதே ரயில்தான் உங்களிடமும் வருகிறது. புதிதாக எவரும் வந்தார்களா? அங்கே யாருக்காவது வயிற்றால் போய், அது அரிசி கழுவின தண்ணீர் போல இருந்தால், அந்த நாளே மன்னார் சுகாதாரக் கந்தோருக்குச் சொல்லவேண்டும். அடுத்த நாள் அல்ல. மழை கூடினால் குழித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகிவிடும், எவ்வளவு தூரத்தில் வெட்டியிருந்தாலும்.

சுவாமி சொன்னதை இரண்டு முறை வாசித்தேன். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் கிருமிக்குப் பூசையும் தெரியாது, சபையும் தெரியாது.

உடனே பதில் போடுங்கள்.

தம்பி
லோறன்ஸ்

*

கொண்டல்பிட்டி
2.12.1974

அன்புள்ள தம்பிக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம். நீ யோசிக்காதை.

நல்ல மழை. கோயில் வளவுக்குள்ள கணுக்கால் தண்ணி. சபை குடுத்த தவணை முடிஞ்சுது, வெள்ளத்தோட எழுப்ப ஒருத்தரும் வரேல்லை. கிணத்தில கயிறில்லாமல் கையாலயே அள்ளலாம் போல. கடல் பெருக்கு, ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை. புதுசா ஒரு குடும்பம் வந்தது, நல்ல சனம்.

திரேசம்மாவுக்குக் கொஞ்சம் வயித்துக் குழப்பம். கஞ்சித்தண்ணியில உப்புப் போட்டுக் குடுத்தால் நிக்குமோ? எவ்வளவு உப்புப் போடவேணும்? இளநி குடுக்கலாமோ? ஒண்டும் தங்குதில்லையெண்டால் என்ன செய்யிறது? நீ கந்தோரில பாவிக்கிற அந்தக் கழுவுற மருந்து ஒரு போத்தல் அனுப்பேலுமோ?

நத்தார்ப் பெருநாளுக்குச் சட்டை தைக்கத் திரேசம்மாவுக்குச் சீத்தைத் துணி வாங்கி வைச்சிருக்கிறன். பேசாலைக் கன்னியர் மடத்தில தையல் பழகிறாள். போன மாதம் போனவள், நத்தாருக்குத்தான் வருவாள்.

வேற விசேசம் இல்லை.

அக்கா

*

அட்டன்
6.12.1974

அக்கா,

திரேசம்மா பேசாலையில் என்றால் கஞ்சி யாருக்கு?

கோபிக்க எழுதவில்லை. நீங்கள் சின்ன வயதில் இருந்தே பொய் சொல்லத் தெரியாத ஆள். உப்பும் சீனியும் போட்ட கொதித்தாறின தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, நிறுத்தாமல் கொடுங்கள். ஆனால் இது வீட்டில் வைத்துப் பார்க்கிற நோயில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பால் தண்ணீர் ஏற்றினால் பிழைப்பார்கள். ஏற்றாவிட்டால் பாதிப் பேர் போவார்கள்.

நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் சபை அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் தூக்கி எறியும். எறியலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அந்தச் சனமும் சாகும், ஊரும் சாகும்.

நீங்களே போய்ச் சொல்லுங்கள். சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு தந்தி அடியுங்கள். வியாழக்கிழமை வரைக்கும் பார்த்திருப்பேன். அதுவரை ஒன்றும் வராவிட்டால் நான் தந்தி அடிப்பேன். என் சொந்த அக்காவின் கோயில் என்று எழுதி, என் பெயரையும் போட்டுத்தான் அடிப்பேன்.

லோறன்ஸ்

*

அட்டன்
13.12.1974

அக்கா,

இன்று காலையில் அடித்துவிட்டேன்.

தம்பி

*

அட்டன்
5.1.1975

அன்பின் அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பிறந்த ஆண்டில் உங்களை எந்த வாழ்த்தோடு அழைப்பது என்று தெரியவில்லை. நத்தார்க் கடிதமும் இல்லை. பேப்பரில் இரண்டு வரி கண்டேன்: மன்னார்த் தீவில் ஒரு கிராமத்தில் வாந்திபேதி, கட்டுப்பாட்டுக்குள் வந்தது என்று. ஊரின் பெயர் இல்லை.

லீவு கேட்டேன், தரவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள். ஏசியாவது எழுதுங்கள்.

தம்பி
லோறன்ஸ்

*

கொண்டல்பிட்டி
19.1.1975

தம்பி லோறன்சுக்கு,

நாங்கள் மூண்டு பேரும் உயிரோட இருக்கிறம்.

உன்ர கடிதங்கள் எல்லாம் கிடைச்சது. வியாழன் வரைக்கும் பாப்பன் எண்டு எழுதினாயே, அது செவ்வாய்க்கிழமையே கிடைச்சிட்டுது. தபால்காரனைப் பழி சொல்ல ஏலாது. வாசிச்சன். மடிச்சு மாதா படத்துக்குப் பின்னால வைச்சன். அவ்வளவுதான் செய்தது.

கஞ்சிக்கு எவ்வளவு உப்பு எண்டு நான் உனக்கு எழுதேக்க சின்னராசுவுக்கு உயிர் இருந்தது. தபாற்கந்தோருக்குப் போட்டு வந்து பாக்க, காத்தாயி அவனை மடியில வைச்சபடி இருக்கிறாள், கண் மட்டும் என்னைப் பாக்குது. அழேல்லை. அழுதால் ஊருக்குக் கேக்கும் எண்டு முந்தானையை வாயில அடைஞ்சுகொண்டு இருந்தாள். அத்தானும் ரண்டு ஆம்பிளையளும் கோயில் சேமக்காலை மூலையில குழி வெட்டித் தாட்டவை. சுவாமிக்கும் சொல்லேல்லை. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையைத் தாட்டது எண்டு பிறகு ஒரு கதை வரும், சுவாமியை அதுக்குள்ள இழுக்கப்பிடாது எண்டு அத்தான் சொன்னார்.

பிறகு புதுசா வந்த குடும்பத்தில ரண்டு பேருக்கு. அவை தப்பினவை. நான் உப்புக் கஞ்சித்தண்ணியைச் சொட்டுச் சொட்டா ஊத்தினன். முடிஞ்சுது எண்டு நினைச்சன். மாதா ஒரு பிள்ளையோட நிப்பாட்டிப்போட்டா, இனி ஆருக்கும் தெரியத் தேவையில்லை எண்டு நினைச்சன். தெரிஞ்சால் லொறி வரும். லொறி வந்தால் இந்தச் சனத்துக்கு உலகத்தில வேற கதவு இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு முன்னால இருந்த கணக்கு அதுதான்.

புதன்கிழமை விடிய பெனடிக்றின்ர கடைக்குட்டிக்குத் தொடங்கினது. எனக்கு மத்தியானம்தான் தெரியும். ஓடிப் போனன். படலையில பெனடிக்றின்ர மனிசி நிண்டா. "ஏதோ பழுதான மீன் போல அக்கா" எண்டா. நான் வாயைத் திறந்திருக்கலாம், தம்பி. "கஞ்சித்தண்ணி குடு, உப்புப் போட்டுக் குடு" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வந்தன். வியாழன் வண்டிலில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை. றோட்டுக்கு மேலால வெள்ளம். வழியிலயே முடிஞ்சிட்டுது. அதுக்குப் பிறகு ஊருக்குள்ள நாலு பேருக்கும் கோயிலுக்குள்ள ஆறு பேருக்கும் வந்தது.

உன்ர தந்திக்குச் சனிக்கிழமை சுகாதாரக்காரர் வந்தவை. நல்ல மனுசர். கிணத்துக்கு மருந்து போட்டு, எல்லாருக்கும் ஊசி போட்டு, வருத்தக்காரரைக் கொண்டு போச்சினம். மிச்சச் சனத்தைக் கோயிலுக்குள்ளயே மறிச்சு வைச்சுப் பாக்கச் சொல்லித்தான் அவை சொன்னது. ஆனால் அவை போன அடுத்த நாள் பொலிசோட சபை லொறி வந்தது.

சுவாமி கோயில் வாசலில கதிரையைப் போட்டுக் குறுக்க இருந்தார். "இது தேவனுடைய வீடு, என்னைத் தாண்டித்தான் போகவேணும்" எண்டார். பொலிஸ்காரர் ரண்டு பேர் கதிரையோட தூக்கி ஒரு பக்கத்தில வைச்சாங்கள், பூச்சாடியைத் தூக்கி வைக்கிற மாதிரி. ஒருத்தரும் சத்தம் போடேல்லை. தோட்டத்துச் சனமும் சத்தம் போடேல்லை. அதுகளுக்கு லொறி பழக்கம். காத்தாயி ஏறினாப் பிறகு சேமக்காலைப் பக்கம் பாத்தபடி இருந்தாள். முருங்கனுக்கு அங்கால காட்டுக்குள்ள இறக்கினது எண்டு பிறகு கேள்விப்பட்டன்.

பெனடிக்ற் கிணத்தடியில நிண்டார். சவரம் செய்யேல்லை. லொறி போனாப் பிறகு கிட்ட வந்தார்.

"அக்கா, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்" எண்டன்.

அடிப்பார் எண்டு நினைச்சன். அடிச்சிருக்கலாம்.  அவர் திரும்பி வீட்டை போயிட்டார்.

சபை சுவாமியில வழக்கு வைச்சது. மன்னார்க் கோட்டில நீதவான், "பூசை செய்யிறதை ஆரும் தடுக்கேல்லை, அனுமதியில்லாமல் ஆக்களைத் தங்க வைச்சதுதான் குற்றம்" எண்டு சொல்லித் தெண்டம் போட்டார். சுவாமியை வேற பங்குக்கு மாத்தியாச்சு. போகேக்க என்னோட கதைக்கேல்லை. தனக்கும் சொல்லாமல் விட்டிட்டன் எண்ட கவலை. அத்தான் திறப்பைக் குடுத்திட்டார். அவரை ஒருத்தரும் வள்ளத்தில ஏத்திறேல்லை. தனியக் கரைவழிய தூண்டில் போடுறார்.

நீ தந்தி அடிச்சது சரி. உன்னில கோவம் இல்லை எண்டு எழுதப் பாக்கிறன், கை போகுதில்லை. அது உன்னில இருக்கிற கோவமோ தெரியாது.

பிரான்சிஸ்கா

*

அட்டன்
30.1.1975

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இழுப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆறுதல் சொல்ல முயலமாட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினதாலா, பிள்ளைகள் கைகோத்து விளையாடினதாலா, அந்தப் பிள்ளைக்கு எது கொண்டுவந்தது என்று எந்த டொக்டராலும் சொல்லமுடியாது. செவ்வாய்க்கிழமையே நீங்கள் சொல்லியிருந்தாலும் புதன்கிழமை வந்தது வந்திருக்கும். கிருமி அதற்கு முதலே உள்ளே போயிருக்கும். ஆனால் புதன்கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பார்கள். இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். நீங்கள் ஏற்கனவே யோசித்திருப்பீர்கள்.

நானும் யோசிக்கிறேன். வியாழன் வரைக்கும் என்று ஏன் எழுதினேன்? கஞ்சிக் கடிதம் கண்ட அன்றே தந்தி அடித்திருக்கவேண்டியவன். வேறு ஊர் என்றால் அன்றே அடித்திருப்பேன்.

ஆட்களை வெளியே போடச் சொல்கிற சட்டம் என் புத்தகத்தில் நிறைய இருக்கிறது. அவர்களை எங்கே வைப்பது என்று ஒரு பக்கமும் இல்லை. இவ்வளவு காலமும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை எனக்கு.

அந்தச் சனம் எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் எனக்கு எழுதவேண்டாம்.

பங்குனியில் லீவு தருவார்கள். வரட்டுமா?

தம்பி
லோறன்ஸ்

*

கொண்டல்பிட்டி
16.3.1975

அன்புள்ள தம்பிக்கு,

உன்ர இழுப்புக்கு எண்ணெய் காய்ச்சி வைச்சிருக்கிறன், வந்தால் எடுத்துக்கொண்டு போ. வரட்டோ எண்டு கேட்டதுக்கு இதுதான் பதில். ஊரில ஒருத்தரும் உன்னோட கதைக்காமல் விடமாட்டினம், நீ தந்தி அடிச்சவன். என்னோடதான் கதை இல்லை. நான் தண்ணிக்குப் போனால் மற்றவை அள்ளி முடிச்சுப் போகும் மட்டும் தள்ளி நிக்கிறன். ஒருத்தரும் நிக்கச் சொல்லேல்லை. நானாத்தான் நிக்கிறன்.

எந்தத் தோட்டம் எண்டு நான் கேட்டனான். எழுதேல்லை.

கப்பல் திரும்ப ஓடத் தொடங்கிட்டுது. பாஸ்போட் உள்ளவையைப் பொலிஸ் காட்டில இருந்து கூட்டிக்கொண்டு வந்து ஏத்துது எண்டு கேள்விப்பட்டு, நேற்று இறங்குதுறைக்குப் போனன். அத்தான் வேண்டாம் எண்டவர். ஏச்சு வாங்கத்தான் போனனான், உண்மையைச் சொன்னால். ஆராவது என்னை வாய் நிறைய ஏசவேணும் போல இருந்தது. ஊர் ஏசாது. நீயும் ஏசேல்லை.

வெய்யிலுக்குள்ள வரிசையா இருத்தி வைச்சிருந்தாங்கள். காத்தாயியை முதல் எனக்கு அடையாளம் தெரியேல்லை. தலை மொட்டை. காட்டில காய்ச்சல் வந்து மயிரை வழிச்சிட்டினமாம். என்னைக் கண்டிட்டு எழும்பினாள். பொலிஸ்காரன் "இரு" எண்டான், இருந்திட்டாள். நான் பக்கத்தில மணலில குந்தினன்.

"மன்னிச்சுக்கொள், நான் முதலே ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருந்தால் உன்ர பிள்ளை தப்பியிருக்கும்" எண்டன். இதை நான் வேற ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்கும் எழுதேல்லை. அந்த ரண்டாந் தேதி அவனுக்கு உயிர் இருந்தது. கடிதம் எழுதின நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்.

"நான்தாங்கம்மா ஒங்க காலைப் புடிச்சு யாருக்கும் சொல்ல வேணாம்னேன்" எண்டாள். "மத்தவங்கள எறக்கி வுட்டுருவாங்கன்னு. மறந்துட்டீங்களா?"

மறக்கேல்லை, தம்பி. ஆனால் அவள் அதைத் தன்ர பக்கத்துக்கு எடுக்கப்பிடாது எண்டு இருந்தது எனக்கு. அவள் காலைப் பிடிச்சவள், திறப்பு வைச்சிருந்தவள் நான்.

சங்கு ஊதினது. வரிசை எழும்பிச்சுது. கொண்டுபோன அவலை அவளின்ர பைக்குள்ள வைச்சன். ரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள்.

"அம்மா, அந்தச் சேர்மன் ஐயா புள்ள. எம்புள்ளகூட வெளையாடுமே. அது பேரு என்னாங்க?"

ஏன் எண்டு கேட்டன்.

"ரெண்டும் ஒண்ணாப் போன புள்ளைங்க. நான் அங்க போயி ரெண்டுக்கும் ஒரு வெளக்கு வைக்கணும். பேரு தெரியாம எப்புடிங்க வைக்கிறது?"

இந்த மூண்டு மாதமும் நான் அந்தப் பேரைச் சொன்னதில்லை. உனக்கு எழுதின ஒரு கடிதத்திலயும் எழுதேல்லை. பூசையில செத்த ஆக்களின்ர பேர் வாசிக்கேக்க கூடக் காதைப் பொத்திக்கொண்டு நிண்டனான். பின்னால நிண்டவன் அவளைத் தள்ளினான். அவள் போகேல்லை, என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிண்டாள்.

"பெற்றிசியா" எண்டு சொன்னன்.

"பெட்டிசியா" எண்டாள். பிழை எண்டு அவளுக்கே தெரிஞ்சுது. இன்னொருக்காச் சொல்லச் சொன்னாள். சொன்னன். திரும்பவும் பிழையாத்தான் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லிக்கொண்டு கப்பலுக்குப் போட்ட பலகையில ஏறினாள்.

பிரான்சிஸ்கா